தலையில் தண்ணி

கண்ணைத் திறக்குமுன்பே ஜெயசிங் மாஸ்டர் தேட ஆரம்பித்துவிட்டார். அட்டென்ஷன் இருக்கிறதா, இருக்கிறது. ஸ்டாண்ட்-அட்-ஈஸ் இருக்கிறது. குயிக் மார்ச், லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன், அபௌட் டர்ன், டிஸ்மிஸ், எல்லாம் ஆஜர். பள்ளிக்கூடத்தில் காலை வரிசையை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஒருவன் மட்டும் வரவில்லை. அணிவகுத்து வருகிற பையன்களை நிற்கச் சொல்லும் அந்த ஒரு சொல். முப்பத்திரண்டு வருஷம் காலையும் மாலையும் தொண்டை கிழியக் கத்திய சொல், அரை மூச்சில் வெளியே வந்து விழுகிற குட்டிச் சொல், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை ஒன்பது பத்துக்குக் காணாமல் போனது, டிசம்பர் பிறந்தும் வீடு திரும்பவில்லை. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. எத்தனையோ பேர் சொன்னார்கள், காதில் விழும், அடுத்த நிமிஷம் வந்த வழியே போய்விடும். கடைசியில் டாக்டர் மெஹருன்னிசாதான், ‘யாரும் இனிமே சாருக்குச் சொல்லாதீங்க, தானா வரட்டும், வந்தாத்தான் கணக்கு’ என்று தடை போட்டார். நமக்கும் அந்தச் சொல் தெரியும்தான். ஆனால் டாக்டர் பேச்சை மீறி நாம் எடுத்துக்கொடுப்பது பரீட்சை ஹாலில் பிட் கொடுப்பதுபோல ஆகிவிடும், அவரே கண்டுபிடிக்கட்டும். இன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை அவர் மண்டையில் ஓட்டை போட்ட அதே டாக்டரம்மா இன்று காலை ரவுண்ட்ஸுக்கு வரும்போது அவர் தனியாக நடந்து காட்டவேண்டும், வார்டு வாசலிலிருந்து நர்ஸ்கள் உட்காரும் கவுண்டர் வரை, இருபத்து நான்கு டைல்ஸ். போகவேண்டும், நிற்கவேண்டும், திரும்பி வரவேண்டும். ‘நடந்துருவீங்க சார், எனக்குச் சந்தேகமே இல்ல. நிக்கிறதுதான் உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதைத்தான் பாப்பேன்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நின்றால் நாளைக்கு வீடு. நிற்காவிட்டால் என்ன என்பதை மாஸ்டர் நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தார், அதனாலேயே அதுதான் முதலில் வந்து நின்றது.

ஜன்னலில் வெளிச்சம் இன்னும் முழுசாக வரவில்லை, ஃபினாயில் வாசம் வந்துவிட்டது, மாப்பு போடுகிற அம்மாள் வராண்டாவின் அந்தக் கோடியில் வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. ஈரத்தரை. ஈரத்தரையில் நடக்கச் சொன்னால் நல்ல காலுள்ளவனே வழுக்குவான், அதைக் காரணமாகச் சொல்லலாம், சே, என்ன யோசனை இது, வீட்டுப்பாடம் எழுதாத ஆறாம் கிளாஸ் பையன் யோசனை. தலையில் வலப்பக்கம், நெற்றிக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக மயிரை வழித்திருந்தார்கள், அங்கே நாலு தையல், அந்த நாலும் இப்போது சேர்ந்துகொண்டு அரித்தன. சொறியக் கூடாது. சொறியக் கூடாது என்று சொன்ன பொன்மணி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து வாயை லேசாகத் திறந்து தூங்குகிறாள், இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான் தூங்குகிறாள், கேட்டால் நான் வாயை மூடித்தான் தூங்குவேன் என்பாள். அவள் தலைமாட்டில் ஃபிளாஸ்க், அதன் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டில். அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு நாக்கு நுனியில் ஏதோ ஒன்று எழுந்து உட்காரும். ஹா. ஹா என்றுதான் தொடங்குகிறது, இல்லையா. ஹார்லிக்ஸ் இல்லை, ஆனால் ஹார்லிக்ஸுக்கு அடுத்த வீடு. நேற்றும் இந்த வீட்டுக் கதவைத் தட்டினார், ‘ஹோல்டான்’ வந்து திறந்தது, டவுன் பஸ் கண்டக்டர் சொல்கிற ஹோல்டான், அர்த்தமும் அதேதான், ஆனாலும் அது இல்லை. பையன்கள் முன்னால் போய் ஹோல்டான் என்றால் இறங்கி டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவான்கள். மாஸ்டர் தனக்குத்தானே சிரித்தார், தையல் இழுத்தது.

‘என்ன வே, விடியக்காலமே சிரிப்பாணி?’ பக்கத்துக் கட்டில் விழித்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்துச் சங்கரபாண்டியன், மொபெட்டிலிருந்து விழுந்து மண்டையில் கட்டோடு கிடக்கிறார், நிஜமாகவே குடித்துவிட்டு விழுந்தவர், அதில் அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது. முதல் நாள் இவரைப் பார்த்ததும் அவர் கேட்டது, ‘உமக்கும் தண்ணியாலதான்னு நர்ஸம்மா சொல்லிச்சு. என்ன பிராண்டு?’ மாஸ்டர் விளக்கினார். இது அந்தத் தண்ணி இல்லை, மூளைக்குள்ளே ஊறுகிற தண்ணி, எல்லாருக்கும் ஊறும், உமக்கும் ஊறும், எனக்கு அது வடியாமல் தேங்கிவிட்டது. சங்கரபாண்டியன் பொறுமையாகக் கேட்டார், கடைசியில் கண்ணைச் சிமிட்டி, ‘நல்லாச் சொல்லுதீரு. நானும் வீட்ல இப்பிடியே சொல்லப்போறேன்’ என்றார். யாரிடம் சொன்னாலும் இதே கதிதான். தமிழில் வேறு சொல் இல்லாமலா போயிற்று, நீர் இருக்கிறது, ஜலம் இருக்கிறது, ஊரெல்லாம் தண்ணி என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு குடிக்கிறதுக்கும் அதுதான், குளிக்கிறதுக்கும் அதுதான், சாராயத்துக்கும் அதுதான் என்று வைத்துவிட்டது. ஜெயசிங் மாஸ்டர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் எந்த மைதானத்து மதில் மறைவில் எவன் பாட்டிலோடு உட்கார்ந்தாலும் விசிலை ஊதிக்கொண்டு துரத்தியவர் அவர். அப்படித் துரத்தப்பட்டவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு அப்பாக்கள், ஊரில் பெரிய மனுஷன்கள். ஆகஸ்ட் பதினைந்து அன்றைக்கு அவர்கள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்.

அந்தக் காலையை நினைக்கக் கூடாது என்றால் அது இன்னும் சத்தமாக பேண்டு அடிக்கும். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, முப்பத்தாறு பையன்கள், ஒன்பது வரிசை நாலு நாலாக, லெஃப்ட் ரைட் லெஃப்ட், கொடிக்கம்பத்துக்கு இந்தப்பக்கம் பத்தடியில் நிற்கவேண்டும், நின்றதும் சிறப்பு விருந்தினர் எழுந்திருப்பார். மாஸ்டர் பக்கவாட்டில் நடக்கிறார். கொஞ்ச நாளாகவே கால் இரண்டும் வேறு யாருக்கோ கீழ்ப்படிகிற மாதிரி இருந்தது, அகட்டி அகட்டி வைக்கவேண்டியிருந்தது, நிறுத்தினால் உடம்பு முன்னால் ஓடியது, வயசு என்று விட்டுவிட்டார். பத்தடி வந்துவிட்டது. வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒன்றுமில்லை. சோறு எடுக்கப் பானையில் கையை விட்டால் பானை காலி. ‘நில்லுங்கல’ என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம், சின்னப்பிள்ளைக்குக்கூடத் தோன்றும், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது அந்தச் சொல் மட்டும்தான், அதைத் தேடிப்போன மனம் திரும்பி வரவில்லை, வாய் பாட்டுக்கு லெஃப்ட் ரைட் லெஃப்ட் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பையன்களோ இவர் வளர்த்த பையன்கள். ‘நான் சொல்றது வரைக்கும் ஒருத்தனும் நிக்கக் கூடாது, குறுக்க கிணறே வந்தாலும் சரி’ என்று பயிற்சியில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். கொடிக்கம்பத்தைத் தாண்டினார்கள். பாதி எழுந்திருந்த சிறப்பு விருந்தினர் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நாற்காலிக்கு மேலே தொங்கினார். மிட்டாய்த் தட்டோடு நின்ற டீச்சர்மார் விலகி வழிவிட்டார்கள். வாசல், வாசலைத் தாண்டி மெயின்ரோடு, பஸ் ஒதுங்கி நின்றது, டீக்கடையில் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள், முப்பத்தாறு பேரும் கை வீசிக் கால் தூக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள், பின்னால் மாஸ்டர் தள்ளாடித் தள்ளாடி ஓடினார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் பிழைத்தார்கள். இல்லையென்றால் மணியாச்சிக்கே போயிருப்பான்கள். ஒரு வரிசை குலையவில்லை, அதை யாராவது பாராட்டினார்களா. திரும்பி வந்ததும் ஹெட்மாஸ்டர் தாவீதுராஜ் கிட்டே வந்து, ‘சார்வாள், உடம்புக்கு ஒண்ணுமில்லையே’ என்று கேட்டுக்கொண்டே மூக்கை அவர் வாயருகே நீட்டி மோந்து பார்த்தார்.

மோந்து பார்த்தது வலிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு, ஒரு வாசமும் இல்லாததால், ‘வாசமில்லாத சரக்கும் வந்திருக்காம்ல’ என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாரே, அதுதான் வலித்தது. சாயங்காலத்துக்குள் ரயில்வே கேட் வீடியோ எல்லார் செல்போனிலும் ஏறிவிட்டது, தண்ணியில் மிதக்கும் பி.டி. சார். அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஐயா நோவா திராட்சரசம் குடித்து வெறித்த கதையை எடுத்து, நாற்பது நிமிஷம், ஒரு நிமிஷம்கூட இவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பிரசங்கம் செய்தார். போகட்டும், ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது. பொன்மணி கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், அதைச் சொல்லவேண்டும், முதுகுக்குப் பின்னால் பேசவில்லை, நேருக்கு நேர் கேட்டாள், ‘மறைக்காமச் சொல்லுங்க. குடிச்சியளா?’ இவர் பைபிளைத் தொட்டு இல்லை என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டின ஆட்டத்தில் ஒரு கோணல் இருந்தது. ஒரு பத்து நாள் கழித்துக் காப்பி கசந்தது. பொடி மாற்றிவிட்டாளோ, சிக்கரி கூடிவிட்டதோ என்று நினைத்தார். ஒரு நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் விழுந்த விசிலை எடுக்கக் குனிந்தபோது டப்பா கையில் அகப்பட்டது. சுவரிலும் பஸ்ஸிலும் விளம்பரம் ஒட்டுவார்களே, அந்த ரகம். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் மூலிகைப் பொடி, உணவில் கலந்து கொடுக்கலாம், மணமோ சுவையோ இருக்காது. சுவை இருக்காதாம், பச்சைப் பொய், வேப்பங்கொட்டையை அரைத்தாற்போல நாக்கில் ஒட்டியது. டப்பாவை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில், திருப்பி வைத்தார். மறுநாள் காலை காப்பி வந்தது. குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டாத குறையாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, ‘இன்னைக்குக் காப்பி ஒண்ணாம் நம்பர்’ என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஏன் கேட்கவில்லை என்று இப்போது, இந்தக் கட்டிலில், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, ஆயிரத்தோராவது தடவையாகத் தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஒரு தடவை கேட்டிருக்கலாம், பொன்மணி, இது என்ன டப்பா. கேட்டால் அவள் அழுவாள். அழுதால் இவர் தேற்றவேண்டும், தேற்றிக்கொண்டே நீ என்னை நம்பலியே என்பார், சொல்லாமல் இருக்கமுடியாது, சொன்னால் அது வீட்டுக்குள் ஒரு நாற்காலிபோல நிரந்தரமாகக் கிடக்கும், போகிறபோதும் வருகிறபோதும் காலில் இடிக்கும். சொல்லாமல் விட்டால் மட்டும் இடிக்கவில்லையா. இடிக்கிறது, அவர் கால் மட்டும்தான். அவள் அப்பா இருந்தாரே, நாசரேத்தில், நல்ல மனுஷன், பாட்டுக்காரர், வாரம் ஒருமுறை பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்வார், வாரம் இருமுறை குடிப்பார், தொட்டுத் தொட்டே அட்டை தேய்ந்துபோன பைபிள் இன்னும் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவளிடம் போய் இவரும் பைபிளைத் தொட்டார். வேறு எதையாவது தொட்டிருக்கலாம். ஆனாலும் நான் உங்கப்பா இல்லையே. ஆனாலும் கசந்ததே. கசந்தாலும் விடியக்காலம் நாலரைக்கு எழுந்து போட்ட காப்பிதானே. இப்படியே சுற்றிச் சுற்றி வரும், மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட பையனைப்போல, எத்தனை ரவுண்டு என்று சொல்ல மறந்துவிட்டால் அவன் ஓடிக்கொண்டுதான் இருப்பான். உண்மையில் இன்னொன்றும் உண்டு, அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். குடிக்காத மனுஷன் தள்ளாடுகிறான், சொல் மறக்கிறான், அவசரத்துக்கு பாத்ரூம் போய்ச் சேருமுன் வேட்டி நனைகிறது, இது என்னவென்று தெரியாத பயத்தில், இந்தப் பொடியாவது கேட்காதா என்று அவரும் கொஞ்சம் நம்பித்தான் குடித்தார்.

‘ஏங்க, முழிச்சிட்டியளா? தலைல கைய வைக்காதிய’ என்று பாயிலிருந்து குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள், எப்படித் தெரிகிறதோ. எழுந்தாள், கொண்டையை முடிந்தாள், ஃபிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்தாள், கேன்டீனுக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பிவந்து, என்னவோ சொல்ல வாயெடுத்து, ‘ஒண்ணுமில்ல’ என்று போனாள். நவம்பரிலிருந்து இதே ஒண்ணுமில்லதான். பாத்ரூமில் விழுந்து, ஸ்கேன் எடுத்து, அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டர் மெஹருன்னிசா முதன்முதலாக வாய் திறந்த நாளில் தொடங்கியது. டாக்டருக்கு மேலப்பாளையம், நறுக்கென்று பேசுவார். ‘சாருக்குத் தலையில தண்ணி சேந்திருக்கும்மா. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாத் தண்ணி இருந்திருக்கு.’ பொன்மணி பதறிப்போய், ‘இல்ல டாக்டரம்மா, இப்ப மூணு மாசமா இல்ல. நான்தான் மருந்து...’ என்று சொல்லி, பாதியில் நிறுத்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்குப் புரியவில்லை. மாஸ்டருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பு வந்தது, கண்ணிலும் என்னவோ வந்தது, இரண்டையும் அடக்கப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். படத்தில் மூளையின் நடுவில் இரண்டு பெரிய கறுப்புக் குளங்கள். டாக்டர் பேனாவால் காட்டினார். தினம் அரை லிட்டர் ஊறும், இந்தச் சின்ன வாய்க்கால் வழியாகத்தான் கீழே இறங்கணும். இவருக்குப் பிறவியிலேயே ஒரு ரத்தக்குழாய் இடம் மாறி முளைத்து வாய்க்காலுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. இத்தனை வருஷம் தண்ணி எப்படியோ நெளிந்து வளைந்து போய்விட்டது, இப்போது குழாய் தடித்துவிட்டது, வழி அடைத்துக்கொண்டது. ‘அந்த நரம்பை வெட்டி எறிஞ்சுரலாமே’ என்றார் மாஸ்டர், வரிசையில் குறுக்கே நிற்பவனைக் காதைப் பிடித்து வெளியே விடுகிற பழக்கத்தில். ‘நரம்பு இல்ல சார், சிரை. அதைத் தொடவே கூடாது. தப்பான இடத்துல இருக்கே தவிர அது சும்மா இல்ல, அந்தப் பக்கத்து மூளையோட அசுத்த ரத்தம் பூராவும் அது வழியாத்தான் வெளிய போகுது. அதை வெட்டினா அந்தப் பக்கமே போயிரும். அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். நாம தண்ணிக்கு வேற பக்கமா ஒரு ஓட்டை போட்டு பைபாஸ்ல விட்டுருவோம்.’

பால் வாசம் வருகிறதா என்று மூக்கு தேடியது, மனம் சிரையிலேயே நின்றது. தப்பான இடத்தில் படுத்துக்கொண்டு நல்ல வேலை செய்கிற பயல். ஐம்பத்தேழு வருஷம் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறான், ஒரு நாள்கூட லீவு போடவில்லை, அவன் முகம்கூட இவருக்குத் தெரியாது. அப்படித்தானே பொன்மணிக்குள்ளும் ஒன்று குறுக்கே படுத்திருக்கிறது, அவள் அப்பா போட்டுவிட்டுப் போனது, வெட்டினால் அவளில் பாதி போய்விடும், அந்த பயத்திலிருந்துதானே காலையில் நாலரை மணிக்கு எழுந்திருப்பதும் கட்டிலுக்குக் கீழே படுத்துத் தலையில் கை வைக்காதிய என்பதும் வருகிறது. இது தோன்றியதும் மாஸ்டருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, நிஜமாகவே ஒரு பிடி பாரம் இறங்கினாற்போல. இறங்கின இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. ஓட்டை மறுபடி மூடிக்கொண்டால்? மூடிக்கொள்ளலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார், அப்போது தலையிலிருந்து தோலுக்கடியில் வயிறுவரைக்கும் ஒரு ட்யூப் இறக்கவேண்டி வரும். இருபத்து நாலாவது டைல்ஸில் கால் நிற்காமல் ஓடினால் மூடிக்கொண்டது என்று அர்த்தமா? சொல் வரவில்லையே, அது எதற்கு அர்த்தம்? ரிட்டயராக ஒரு வருஷம், ஜனவரி இருபத்தாறு அணிவகுப்பை சயின்ஸ் சார் பாத்துக்கிடட்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார், சயின்ஸ் சாருக்கு இடது கால் எது வலது கால் எது என்றே சந்தேகம். ஹா. ஹார்லிக்ஸ். ஹார்மோனியம். ஹரிக்கேன் விளக்கு. ‘என்ன வே முணங்குதீரு, ஜெபமா?’ என்றார் சங்கரபாண்டியன். ஆமாம் என்றார் மாஸ்டர், அதுவும் ஒருவகையில் ஜெபம்தான்.

பத்து மணிக்கு டாக்டர் மெஹருன்னிசா வந்தார், வெள்ளைக் கோட்டுக்கு மேலே பச்சை முக்காடு, பின்னால் இரண்டு நர்ஸ்கள். ‘என்ன சார், ரெடியா?’ என்றார். மாஸ்டர் கட்டிலிலிருந்து இறங்கினார், பொன்மணி நீட்டிய கையை, மன்னிச்சிரு, என்று கண்ணாலேயே சொல்லி விலக்கினார். வார்டு வாசல். முதல் டைல்ஸ். தரை காய்ந்திருந்தது, சாக்குச் சொல்ல வழியில்லை. லெஃப்ட். ஆச்சரியம், இடது கால் கேட்டது. ரைட். அதுவும் கேட்டது. மூன்று, நான்கு, பாதத்துக்கடியில் டைல்ஸின் குளிர்ச்சி தெரிந்தது, எத்தனை மாசமாயிற்று தரை இப்படித் தெரிந்து, பஞ்சுமூட்டையில் நடந்துகொண்டிருந்தவனுக்கு யாரோ பூமியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. எட்டு. அட்மிஷன் அன்றைக்கு ஒன்பதாவதில்தான் சுவரில் போய் மோதினார். ஒன்பது. மோதவில்லை. சுவர்தான் ஏமாந்தது. கடைக்கண்ணில் தெரிந்தது, பொன்மணி ஃபிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரையடி பின்னால், விழுந்தால் பிடிக்க ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு, திருட்டுத்தனமாக அணிவகுத்து வருகிறாள், வராதே என்றால் கேட்கவா போகிறாள், இருபத்தொன்பது வருஷத்தில் இவர் போட்ட ஒரு உத்தரவுக்காவது கட்டுப்பட்டிருக்கிறாளா. அவளுக்குப் பின்னால் சங்கரபாண்டியன், சலைன் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு. பதினைந்து. பதினாறு. எதிரே லிஃப்ட் திறந்து கேன்டீன் அம்மாள் இட்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பதினெட்டு. நன்றாகத்தான் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று நினைத்தேனே, நினைத்திருக்கக் கூடாது, இருபதில் கால் வேகம் பிடித்தது. அந்தப் பழைய வேகம். இருபத்தொன்று, உடம்பு முன்னால் சாய்ந்தது, இருபத்திரண்டு, கவுண்டரும் இட்லி வண்டியும் கிட்டே கிட்டே வந்தன, பொன்மணியின் கை காற்றில் எழும்புவது தெரிந்தது, பிடித்துவிடுவாள், பிடித்துவிட்டால் முடிந்தது, வாய் திறந்தது, ஆகஸ்ட்டில் திறந்த அதே வாய், நெஞ்சு முழுக்கக் காற்று, இருபத்து மூன்று, உள்ளே போய்த் தேடவில்லை, தேட நேரமில்லை,

‘ஹால்ட்!’

முப்பத்திரண்டு வருஷத்துக் குரல் அது, நாலு ஏக்கர் மைதானத்தின் கடைக்கோடிக்குக் கேட்கிற குரல், மூன்றாம் மாடி வராண்டாவில் அது செய்த வேலையை என்ன சொல்ல. இட்லி வண்டி நின்றது, சாம்பார் வாளி மட்டும் ஆடியது. ஊசித் தட்டோடு வந்த நர்ஸ் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள். செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர் திட்டை நிறுத்தினார். சங்கரபாண்டியன் சலைன் ஸ்டாண்டைத் துப்பாக்கிபோலப் பிடித்து விறைத்தார். டாக்டர் மெஹருன்னிசாவே நின்றுவிட்டார். நடுவில், இருபத்து நாலாவது டைல்ஸில், இரண்டு குதிகாலும் சேர்ந்திருக்க, ஒரு விரற்கடை ஆட்டமில்லாமல், ஜெயசிங் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் டாக்டர்தான். ‘சார், நான் உங்களைத்தானே நிக்கச் சொன்னேன், ஆஸ்பத்திரியையே நிறுத்திட்டீங்களே’ என்றார். அப்போதும் யாரும் நகரவில்லை, உத்தரவு அப்படி. ஹால்ட். இதுதானா. இந்தச் சின்னப்பயலா. ரயில்வே கேட்டுக்கு அப்பால் நாலு மாசம் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாய் என்று அதைக் கொஞ்சவேண்டும்போல இருந்தது மாஸ்டருக்கு. ‘அபௌட் டர்ன்’ என்று தனக்குத்தானே மெல்லச் சொல்லி, எண்ணிக்கை பிசகாமல் திரும்பினார். எதிரே பொன்மணி. அட்டென்ஷனில் நின்றாள், ஃபிளாஸ்க் நெஞ்சோடு, பாதம் இரண்டும் ஒட்டி, கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவள், அந்த நிலையிலேயே, இட்லி வண்டிக்காரி, டாக்டர், சங்கரபாண்டியன் எல்லாரும் கேட்க, வாயைத் திறந்தாள்.

‘ஏங்க. காப்பில பொடி போட்டது நான்தான்.’

‘தெரியும்.’

‘எப்பருந்து?’

‘செப்டம்பர்லருந்து.’

‘தெரிஞ்சுமா குடிச்சிய? கசக்கும்லா.’

‘நீ போட்டல்லா.’

இனி எப்படி நிற்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் விறைத்தபடியே நின்றாள். மாஸ்டர் பார்த்தார். அடுத்த சொல்லை அவர் தேடவே இல்லை, அது எப்போதும் வரிசையில் ஒழுங்காக வந்து நிற்கிற பையன், விறைத்து நிற்பவர்களை மூச்சுவிடச் சொல்கிற சொல், வெயிலில் பிள்ளைகளுக்கு ஆகப் பிடித்த சொல். குரலை மைதானத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், ‘ஸ்டாண்ட்-அட்-ஈஸ்.’